காந்தம் விழாத இடம்

எனக்கு வாய் பேசறதுக்கு முன்னாடி கை பேசிடும். பெருமைக்காகச் சொல்லல, இது தெரியாம இந்தக் கதை புரியாது. அந்த ஆளோட முன்பல்லு ரெண்டும் போனது என் கையாலதான். கையில ரிங் ஸ்பேனர் இருந்துச்சு, கோவமும் இருந்துச்சு, அவர் மூஞ்சி பக்கத்துல இருந்துச்சு. அவ்வளவுதான்.

ஊர்ல எல்லாருக்கும் அவர் 'காந்தம்'. மலைப்பாதையோட உச்சியில இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டு பண்ற பட்டறை அவரோடது. ஆறு நாள் அந்த வேலை. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும், பழைய ரேஸ் சைக்கிள் வாங்கப் போறவங்க அவரக் கையோட கூட்டிட்டுப் போவாங்க. ஸ்டீல் ஃப்ரேம் தேறுமா தேறாதான்னு பாத்துச் சொல்ல அவர விட்டா ஆள் கிடையாது.

எனக்குப் பழைய சைக்கிள் கடை. இருபது முப்பது வருஷத்து ஸ்டீல் ஃப்ரேமா வாங்குவேன், சுரண்டி, பெயின்ட் அடிச்சு, புதுசு மாதிரி ஆக்கி விப்பேன். எங்கயாவது மோதி நசுங்கின ஃப்ரேமா இருந்தா அந்த மடிப்புல பட்டி போட்டு மூடிடுவேன். முதல் பூச்சைக் கட்டைவிரலால நல்லா அழுத்தணும். அது காஞ்சதும் மேல மெல்லிசா இன்னொரு பூச்சு. அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேச்சு பெயின்ட் அடிச்சா பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது. இந்த வேலையில என்னை அடிச்சுக்க ஆளில்லன்னு நெனச்சுட்டிருந்தேன். தப்புன்னும் தோணல. எல்லாரும் பண்றாங்க, நான் பண்ணினா மட்டும் என்னன்னு ஒரு திமிரு.

முதல் தடவை அவர் கடைக்குள்ள வந்தப்போ கூட ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார், நீல ஃப்ரேம் ஒண்ணு வாங்கறதுக்கு. இவர் வணக்கம்கூட சொல்லல. "சக்கரம், ஹேண்டில்பார், சீட்டு எல்லாத்தையும் கழட்டுங்க. வெறும் எலும்பு மட்டும் போதும்"னார். கழட்டினேன். சீட்டுக் கம்பி லேசா உருவி வந்துச்சு. தலைய ஆட்டிக்கிட்டார். அது துருப்பிடிச்சு உள்ளயே சிக்கியிருந்தா அப்பவே எந்திரிச்சுப் போயிருப்பாராம். பெடல் அச்சு போற ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு மூக்க வச்சு மோந்து பாத்தார். பின்சக்கரம் உக்கார்ற காடியில நூலைக் கட்டி, முன்னாடி தலைக்குழாயச் சுத்தி, அந்தப் பக்கத்துக் காடிக்கு இழுத்துக் கட்டினார். நடுவுல நிக்கிற சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளின்னு ரெண்டு பக்கமும் ஸ்கேல் வச்சு அளந்தார். ஒரே அளவு. ஃப்ரேம் கோணல் இல்லன்னு அர்த்தம். எனக்கு மூச்சு வந்துச்சு.

அப்புறம்தான் சட்டைக்குள்ள கைய விட்டு அந்தக் காந்தத்த எடுத்தார். உடைஞ்ச ரேடியோ ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த சின்னத் துண்டு. நூல்ல கோத்துக் கழுத்துல போட்டிருந்தார். பெரிய காந்தம்னா பட்டிக்கு அடியில இருக்கிற இரும்பையும் இழுத்து ஒட்டிக்கும், அதனால வேணும்னே சக்தி கம்மியா ஒண்ணு வச்சிருந்தார். ஒவ்வொரு குழாயா அதத் தொட்டுத் தொட்டுக் கொண்டு போனார். ஒட்டுச்சு, ஒட்டுச்சு, ஒட்டுச்சு. தலைக்குழாய்க்குக் கீழ, கீழ்க்குழாயோட அடிப்பக்கத்துல வச்சதும் பொத்துனு விழுந்து நூல்ல தொங்குச்சு.

"மோதின வண்டி சார். இங்க மடிப்பு. பட்டி போட்டு மறைச்சிருக்காங்க. வேணாம்."

"யோவ், என் கடைக்குள்ள நின்னுக்கிட்டு என் பொருளயே குத்தம் சொல்றியா? யாரு நீ?"

"சொல்றது நான் இல்ல, காந்தம்."

அதுக்கப்புறம்தான் ஸ்பேனர். வாத்தியார் வெளிய ஓடிட்டார். அடி வாங்கினவர் கீழ விழல. வாயில இருந்து ரெண்டு பல்லையும் உள்ளங்கையில துப்பி, பாத்து, சட்டைப் பையில போட்டுக்கிட்டார். சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். நான் ரெண்டாவது அடிக்குக் கைய ஓங்கி நிக்கிறேன், அவர் என்னைக் கண்டுக்கவே இல்ல. ஃப்ரேமோட பின்கால மேஜைக்கடியில செருகி மிதிச்சுக்கிட்டு, தலைக்குழாயப் பிடிச்சு உடம்பு மொத்த பாரத்தையும் போட்டு அழுத்தினார். சரியா அந்த இடத்துல கடக்குனு மடிஞ்சுச்சு. பட்டி தூள் தூளா தரையில கொட்டுச்சு.

"இது ரோட்டுல மடிஞ்சிருந்தா?"ன்னு கேட்டார். பல்லு இல்லாம வார்த்தை காத்தா வந்துச்சு. அப்புறம் போயிட்டார்.

போலீஸ் வரும்னு ரெண்டு நாள் காத்திருந்தேன். வரல. பக்கத்துக் கடை முடிவெட்டறவருக்கு ஊர்க்கதை எல்லாம் அத்துப்படி, அவர்தான் சொன்னார். காந்தத்துக்கு இருபத்திநாலு வயசுல இதே மாதிரி ஒரு ஃப்ரேம். வாங்கின மூணாம் நாள் இறக்கத்துல அது மடிஞ்சு, மூஞ்சி குப்புற ரோட்டுல தேஞ்சுட்டே போயிருக்கார். தாடை மூணு இடத்துல உடைஞ்சு, கம்பி கட்டி, ரெண்டு மாசம் உறிஞ்சு குழலாலதான் சாப்பாடு. கம்பிக் கட்ட அவுத்த அன்னைக்கே, வித்தவன் வீட்டுக்குப் போய், அந்த மடிஞ்ச ஃப்ரேமாலயே அவன அடிச்சிருக்கார். அவன் கை இன்னைக்கும் நிமிராது. இவருக்கு எட்டு மாசம் ஜெயில். வெளிய வந்த பிறகு யார் மேலயும் கைய வச்சதில்லயாம். அடி வாங்கறதோட சரி. இடது காது கிழிஞ்சது ஒரு கடையில, சுண்டுவிரல் கோணினது இன்னொரு கடையில. இப்ப பல்லு என் கணக்குல.

கேட்டதும் பாவமா இருந்துச்சுன்னு சொன்னா பொய். வயிறுதான் எரிஞ்சுச்சு. ஏன்னா வாத்தியார் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டார். கடைக்கு ஒருத்தனும் எட்டிப் பாக்கல. இந்த ஆள எப்படியாவது மண்ணக் கவ்வ வைக்கணும்னு ராத்திரி பகலா அதே நெனப்பு.

ஒருநாள் கிரைண்டிங் மெஷினுக்கடியில குவிஞ்சு கிடந்த இரும்புத்தூளப் பாத்தேன். அப்பதான் அந்தப் புத்தி வந்துச்சு. தூளச் சலிச்சு எடுத்துப் பட்டியில கலந்தேன். காஞ்ச பிறகு ஒரு சின்னக் காந்தத்த வச்சுப் பாத்தேன். கப்புனு பிடிச்சுச்சு. தனியா நின்னு அப்படிச் சிரிச்சேன், முடிவெட்டறவர் கத்திரியோட எட்டிப் பாத்தார்.

அந்த வாரம் என்கிட்ட ஒரே மாதிரி ரெண்டு ஃப்ரேம் இருந்துச்சு. ஒண்ணு சுத்தமானது, ஒரு கீறல் கிடையாது. அது என் தம்பிக்கு. அம்மா போன பிறகு எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். ரேஸ் ஓட்டறான், ஓட்டிட்டுப் போகட்டும்னு விட்டிருந்தேன். இன்னொண்ணு எதுலயோ போய் நேரா மோதினது, கீழ்க்குழாய் மடிப்பு விழுந்தது. அதுல இரும்புத்தூள் பட்டி. ஒரே டப்பா சிவப்பு பெயின்ட் ரெண்டுக்கும். காய வச்சப்போ நல்லது ஜன்னலோரக் கொக்கி, கெட்டது உள்பக்கக் கொக்கி. எதுக்கும் இருக்கட்டும்னு நல்லதோட பெடல் அச்சு ஓட்டைக்குள்ள ரோஸ் கலர் நகப்பூச்சுல ஒரு பொட்டு வச்சேன்.

ஒரு மாசத்துல ஒரு பேக்கரிக்காரர் காந்தத்தக் கூட்டிட்டு வந்தார். ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்க வேகமான சைக்கிள் வேணுமாம். நான் வாயெல்லாம் பல்லா, "வாங்க வாங்க"ன்னேன். காந்தம் வாயத் திறக்கல, திறந்தாலும் அங்க பல்லு இல்ல. உள்பக்கக் கொக்கியில இருந்த சிவப்ப இறக்கிக் கொடுத்தேன். மோந்து பாத்தார், நூல் கட்டினார், அளந்தார். கடைசியா காந்தம். கீழ்க்குழாயோட அடியில வச்சார். ஒட்டுச்சு. எடுத்து மறுபடி வச்சார். ஒட்டுச்சு. மூணாவது தடவையும் ஒட்டுச்சு.

"நல்ல ஃப்ரேம். நம்பி எடுத்துக்கங்க"ன்னார். என் பக்கம் திரும்பி, "கடைக்காரம்மா, திருந்திட்டீங்க. சந்தோஷம்"னார். பொக்கை வாயால சிரிச்சார்.

எனக்குத் தலைகால் புரியல. ஜெயிச்சுட்டேன். ஒரு வருஷம் கழிச்சு நானே சொல்லி அந்த மூஞ்சி சுருங்கறதப் பாக்கணும்னு ஆசை ஆசையா இருந்தேன். திட்டறதுக்குன்னே பட்டறை போர்டுல இருந்து அவர் நம்பரக்கூட எழுதி வச்சிருந்தேன். பேக்கரிக்காரர் கதி என்னாகும்னு யோசிச்சியான்னு கேப்பீங்க. தெருவுக்குள்ளதான ஓட்டப் போறார், இறக்கமா ஏத்தமான்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். என் லட்சணம் அப்ப அதுதான். ஜன்னலோரச் சிவப்ப அன்னைக்குச் சாயங்காலமே தம்பிக்கு மாட்டிக் கொடுத்தேன். உள்ள பொட்டு இருக்கான்னு பாக்கல. எதுக்குப் பாக்கணும், கொக்கிதான் தெரியுமே.

நாலு மாசம் போச்சு. தம்பிக்குப் பெரிய ரேஸ் வந்துச்சு. மலையேறி உச்சியத் தாண்டி அந்தப் பக்கம் நாலு கிலோமீட்டர் இறக்கம். அந்த இறக்கத்துல அவனுங்க கார முந்திட்டுப் போவானுங்க. காலையில எட்டு மணிக்குக் கொடி அசைச்சாச்சு. எட்டேகாலுக்குப் பேக்கரிக்காரர் வந்து, "அக்கா, பெடல் அச்சு ஆடுது. கொஞ்சம் பாருங்க"ன்னார். இதுக்குள்ள வந்துட்டியான்னு மனசுக்குள்ள ஒரு நக்கல். சிவப்பு சைக்கிளத் தலைகீழா நிறுத்தி அச்சக் கழட்டினேன். துருவத் துடைக்க டார்ச் அடிச்சேன்.

உள்ள ரோஸ் கலர் பொட்டு.

துடைச்சுட்டு மறுபடி டார்ச் அடிச்சேன், அதே பொட்டு. கொக்கி எப்படி மாறுச்சுன்னு யோசிக்கவே முடியல. மாறிடுச்சு, அவ்வளவுதான். அன்னைக்குக் காந்தம் ஒட்டினது என் தந்திரத்தால இல்ல. ஃப்ரேம் நிஜமாவே நல்லது. அந்த ஆள் ஏமாறவே இல்ல. நான் கண்ணுல மண்ணத் தூவினது என் தம்பி கண்ணுலதான். அந்த இறக்கத்துக்கு அவன் இப்ப ஏறிட்டிருக்கான்.

ரேஸ் நடத்தறவருக்கு மூணு தடவை போன் போட்டேன், எடுக்கல. உச்சியில எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு ஆள். திட்டறதுக்கு வச்சிருந்த நம்பரப் போட்டேன்.

"நான் சைக்கிள் கடை. ரேஸ்ல முப்பத்தொண்ணு நம்பர் என் தம்பி, சிவப்பு ஃப்ரேம். உச்சியத் தாண்ட விடாதே. ஃப்ரேம்ல மடிப்பு இருக்கு."

"கை காட்டினா நிப்பானா?"

"நிக்க மாட்டான். தள்ளி விடு. உன் கால்ல விழறேன், தள்ளி விடு."

அவர் ஏன் எதுக்குன்னு கேக்கல. போன வச்சுட்டார். நான் கடையத் திறந்தபடியே போட்டுட்டு ஸ்கூட்டர எடுத்தேன். பேக்கரிக்காரர் பின்னாடி என்னமோ கத்தினது காதுல விழுந்துச்சு.

கடைசி வளைவுல திரும்பறப்போ கண் முன்னாடி நடந்துச்சு. பட்டறை வாசல்ல, நடுரோட்டுல, வெல்டிங் ஏப்ரனோட கைய விரிச்சு நிக்கிறார். முன்னாடி ஒரே டீமா வர்ற மூணு பேர்ல தம்பி நடுவுல. அவன் ஒதுங்கிப் போகப் பாத்தான். அவர் தோளக் கொடுத்து அவன் விலாவுல பாஞ்சார். ரெண்டு பேரும் சைக்கிளும் சரளைக்கல்லுல உருண்டாங்க. ஜெயில்ல இருந்து வந்த பிறகு அவர் ஒருத்தர் மேல விழுந்தது அதுதான் முதல் தடவை.

தம்பி எந்திரிச்சான். முழங்கை தோலு கிழிஞ்சு தொங்குது. "யோவ், என் ரேஸ் போச்சுடா"ன்னு கத்திக்கிட்டே அவர் வயித்துல மிதிச்சான். ரேஸ் ஷூவுக்கு அடியில பெடல்ல மாட்டறதுக்குக் கட்டை வச்சிருக்கும். நாலு மிதி. கூட வந்தவன் சைக்கிளக் கீழ போட்டுட்டு, பம்ப உருவி அவர் மண்டையில போட்டான். இன்னொருத்தன் கழுத்தப் பிடிச்சு ரோட்டுல மோதினான். அவர் கையத் தூக்கவே இல்ல. தலைய மட்டும் ரெண்டு கையாலயும் மறைச்சுக்கிட்டார். நான் ஸ்கூட்டர அப்படியே சாய்ச்சுட்டு ஓடி, பம்ப் வச்சிருந்தவன் முடியப் பிடிச்சு இழுத்தேன். அவன் முழங்கை என் மூக்குல இறங்குச்சு. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு.

"அக்கா? நீ இங்க எதுக்கு?"ன்னு தம்பி கேட்டதும்தான் அடி நின்னுச்சு.

காந்தம் எந்திரிக்கல. தவழ்ந்து சைக்கிள் கிட்டப் போனார். கண்ணுக்கு மேல பிளந்து ரத்தம் வழியுது. கழுத்துல இருந்ததக் கழட்டி, கீழ்க்குழாய்க்கு அடியில வச்சார். ஒட்டுச்சு. பக்கத்துல வச்சார். ஒட்டுச்சு. நிமிந்து என்னைப் பாத்தார்.

"ஒட்டுதே, கடைக்காரம்மா. நல்ல ஃப்ரேம்தான்."

"கேட்டியா? அந்தாளே சொல்றான். நல்ல ஃப்ரேமாம்"னு பம்ப் வச்சிருந்தவன் திரும்ப அவர் விலாவுல உதைச்சான். தம்பி சைக்கிளத் தூக்கி நிமித்தினான். "இப்பப் போனாலும் பிடிச்சிடலாம்"னு சொல்லி ஒரு கால அந்தப் பக்கம் போட்டுட்டான்.

சொல்லவேணாம், சொன்னா இவன் முன்னாடி தலை நிமிர முடியாதுன்னு ஒரு நொடி தோணுச்சு. ஒரே ஒரு நொடி. இன்னைக்கும் அத நெனச்சா என்னை நானே அறையணும் போல இருக்கும்.

"இறங்குடா. பட்டியில இரும்புத்தூள் கலந்தேன். இவர் காந்தத்த ஏமாத்தறதுக்கு நான்தான் கலந்தேன். அது பொய் ஃப்ரேம், இறங்கு."

பின்னாடி வந்தவங்க எங்களச் சுத்திக்கிட்டு, சங்கிலிச் சத்தத்தோட இறக்கத்துல பாஞ்சு போனாங்க. காந்தம் பட்டறைக்குள்ள நொண்டிக்கிட்டே போய் ஒரு அரத்தக் கொண்டு வந்தார். கீழ்க்குழாயோட அடியில நாலு இழு இழுத்தார். சிவப்பு போச்சு. அடியில ஸ்டீல் மினுங்கல. சாம்பலா, மாவு மாதிரி உதிர்ந்துச்சு. விரல்ல தொட்டுப் பாத்துட்டு, மறுபடி உள்ள போய் சம்மட்டியோட வந்தார். அடிப்பார்னுதான் நெனச்சேன். என்னைத்தான். பிடிய என் பக்கம் திருப்பி நீட்டினார்.

தம்பி சக்கரத்தக் கழட்டி எடுத்துக்கிட்டான். நான் அடிச்சேன். ரெண்டாவது அடியில தலைக்குழாய் அப்படியே உள்ள மடிஞ்சு போச்சு. மூணாவதுக்கு ரெண்டு துண்டு. அப்புறமும் நான் நிறுத்தல. பெயின்ட் செதில் மூஞ்சியில தெறிக்குது, என் மூக்கு ரத்தம் வாய்க்குள்ள போகுது, கை மரத்துப் போற வரைக்கும் அடிச்சேன். காந்தம்தான் வந்து சம்மட்டிய வாங்கினார்.

"போதும். செத்துருச்சு"ன்னார்.

பட்டி ஒரு சில்லு, காசு அளவுக்கு, தம்பி கால்கிட்டத் தெறிச்சுக் கிடந்துச்சு. அவன் குனிஞ்சு எடுத்தான். மேல்பூச்சு உதிர்ந்து உள்பூச்சு மட்டும் இருந்துச்சு. அதுல ஒரு கட்டைவிரல் ரேகை, வட்டம் வட்டமா, அச்சு மாதிரி. அவன் அதையே பாத்துட்டிருந்தான். அப்புறம் என் வலது கையப் பிடிச்சுத் திருப்பி, கட்டைவிரல் மேல அந்தச் சில்ல வச்சுப் பாத்தான்.

"ஜன்னல்கிட்ட கூரை ஒழுகுச்சு, அக்கா. பெயின்ட் கெட்டுப் போயிடும்னு நான்தான் கொக்கி மாத்தி மாட்டினேன்"னான். என்னைத் திட்டல. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். ரெண்டு சக்கரத்தையும் தோள்ல மாட்டிக்கிட்டு, வந்த வழியே கீழ இறங்கி நடந்தான். அந்த ஷூ சத்தம் வளைவு திரும்பற வரைக்கும் கேட்டுச்சு. மூணு மாசம் என்கூடப் பேசல. பேக்கரிக்காரருக்கு நடந்தத நானே போய்ச் சொன்னேன், அவர் மனைவி கதவ மூஞ்சியில சாத்தினாங்க.

அன்னைக்கு அவன் போன பிறகு நான் ரோட்டோரத்துல உக்காந்து அழுதேன். காந்தம் பக்கத்துல வந்து, விலாவப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காந்தார். ரெண்டு விலா எலும்பு உடைஞ்சிருந்தது அப்பத் தெரியாது. "தூள் எவ்வளவு கலந்தீங்க?"ன்னு கேட்டார்.

"பாதிக்குப் பாதி."

"இருபது வருஷமா இத நம்பி ஃப்ரேம் பாத்திருக்கேன்"னு காந்தத்தக் கையில உருட்டினார். "இதுக்கு முன்னாடி வேற யாராவது கலந்திருப்பாங்களோ?"

அதுக்கப்புறம் அவர் தூங்கலன்னு முடிவெட்டறவர் சொன்னார். தான் சரின்னு சொன்ன ஒவ்வொரு ஃப்ரேமா, ஞாபகம் வச்சு, வீடு வீடாப் போய், அரத்தால ஒரு இழு இழுத்துப் பாத்தார். கட்டுப் போட்ட விலாவோட. புது பெயின்ட்ல கீறல் போட்டதுக்கு ரெண்டு வீட்டுல அடியும் வாங்கினார். எல்லா ஃப்ரேமும் நல்லதாத்தான் இருந்துச்சு.

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில அவர் என் கடையிலதான் இருக்கார். ஃப்ரேம் வாங்க வர்றவங்க முன்னாடியே மோந்து பாப்பார், நூல் கட்டுவார், காந்தம் வைப்பார். அது எல்லாம் ஒட்டின பிறகு என் பக்கம் திரும்பி, "இதுல என்ன கலந்திருக்கீங்க?"ன்னு கேப்பார்.

"ஒண்ணும் கலக்கல"ம்பேன்.

அப்படியும் அரத்த எடுத்து, நான் பாத்துப் பாத்து அடிச்ச பெயின்ட்ல ஒரு இழு இழுப்பார். அவர் என்னை நம்பல. நம்பவேணாம்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்.